எங்கள் தெருச் சாக்கடையும் மூன்று பகுதி சபைக் கூட்டங்களும்

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று எங்கள் பகுதியில் முதல் பகுதி சபைக் கூட்டம் நடந்தபோது நானும் கையில் ஒரு மனுவோடுதான் போனேன். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் எங்கள் தெரு. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பழகியவர்கள் நாங்கள், அதனால் இங்கேயும் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். பக்கத்தில் நின்றவர் என்ன எழுதியிருந்தார் என்றுகூடக் கேட்கவில்லை.

அப்புறம்தான் விதிகளைப் படித்தேன். 3 லட்சம் பேரோ அதற்கு மேலோ வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1992-லேயே சொல்லிவிட்டது. சேலத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 8 லட்சத்துக்கு மேல். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வந்தது 2022-ல்தான். கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு, வார்டுக்குள் பல பகுதி சபைகள், அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருமே சபையின் உறுப்பினர்கள். எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று பேசி வரிசைப்படுத்துவது நம் வேலை. இது தெரிந்த பிறகு மனு எழுதவே மனம் வரவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் சாக்கடையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஸ்லாப் போட்டு மூடுங்கள் என்றார்கள் மேல்தெருக்காரர்கள். கொசுத் தொல்லை, போன வருஷம் ஒரு பையன் விழுந்து கால் முறிந்தது, நியாயம்தான். கீழ்த்தெருவில் பெரும்பாலும் கைத்தறி, மூடிவிட்டால் எப்படித் தூர் வாருவது, அடைத்துக்கொண்டால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்தானே வரும் என்று அவர்கள் கேட்டார்கள். சத்தம் ஏறி, கூட்டம் கலைந்தது. குறிப்பேட்டில் என்ன எழுதினார்கள் என்று பார்க்காமலே கிளம்பியது எங்கள் தவறு, பிறகு பார்த்தால் "சாக்கடை குறித்துப் பேசப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்ய முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெருவிலிருந்தும் ஏழெட்டுப் பேர் சாக்கடை ஓரமாகவே நடந்தோம். கீழ்த்தெருவில் ஒரு பாட்டி, "உள்ள வந்து பாரு கண்ணு" என்று கூப்பிட்டார். நெசவு செய்பவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழிக்குள் இறங்கினேன். மிதிகட்டைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சுவரில் கருப்பாக ஒரு கோடு, மழைத் தண்ணீர் நின்ற கோடு. குழி காயும் வரை தறி ஓடாது, அந்த நாட்களுக்குக் கூலியும் இல்லை. மூடச் சொல்லிச் சத்தம் போட்ட மேல்தெரு அண்ணன் குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "பாவு நூல் நனைஞ்சிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நடந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. தெருமுனைச் சிறுபாலத்துக்குள் ஒரு குழாய் குறுக்கே போகிறது, அதில் பிளாஸ்டிக் பைகள் சிக்கிப் பாதி வழியை அடைத்திருந்தன. இரண்டு தெருவுக்கும் தொந்தரவு அங்கேதான் ஆரம்பம்.

மூன்றாவது கூட்டத்தை மாலையில் வைக்கச் சொல்லிக் கேட்டோம், வைத்தார்கள். பகல் 11 மணிக்குக் கூட்டம் என்றால் தறியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? அன்று பெண்களே பாதிக்கு மேல். முதலில் சிறுபாலம், பிறகு ஸ்லாப், அதுவும் தூர் வார வசதியாகக் கொக்கி வைத்துத் தூக்கக்கூடிய ஸ்லாப் என்று முடிவானது. கொக்கி யோசனை மேல்தெரு அண்ணனுடையது. எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, "சிறுபாலம்" என்ற சொல் விடுபட்டிருந்ததைச் சேர்க்க வைத்து, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். உங்கள் பகுதியில் கூட்டம் நடந்தால் இதை மட்டும் விடாதீர்கள்.

சிறுபாலத்தை இடித்துக் கட்டிவிட்டார்கள். ஸ்லாப் வேலை மேல்தெருவில் பாதியோடு நிற்கிறது. அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்க நானும் வருகிறேன் என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.