முதலில் கலரைத்தான் கேட்கிறார்கள்

பாராசூட் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் முதலில் கேட்பது கலரைப் பற்றித்தான். ஹெல்மெட் சிவப்பு, ஜம்ப் சூட் சிவப்பு, அதனால் குடையும் சிவப்பாக இருந்தால் நல்லது. சரி, இருக்கட்டும். உங்கள் எடை என்ன என்று நான் கேட்டால்தான் முகம் மாறும்.

கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்கைடைவிங் மையத்தின் ஹேங்கரில் ரிக்கராக வேலை பார்க்கிறேன். பாராசூட்டை மடிப்பது, தைப்பது, சோதித்துக் கையெழுத்துப் போடுவது, இதுதான் வேலை. அம்மாவிடம் போனில் விளக்கிச் சொன்னபோது "அப்போ டெய்லர் வேலைனு சொல்லு" என்றார். பாதி சரிதான், நாளில் பாதி நேரம் தையல் மெஷின் முன்னால்தான் போகிறது. மெயின் குடையைக் குதிக்கிறவரே மடித்துக்கொள்ளலாம். மெயின் கைவிட்டால் திறக்கிற இரண்டாவது குடையான ரிசர்வை மட்டும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் சான்றிதழ் உள்ள ரிக்கர்தான் மடிக்க வேண்டும், அதுவும் 180 நாளுக்கு ஒருமுறை (2008 வரை 120 நாளாக இருந்தது). மடித்து முடித்ததும் சிவப்பு நூல் கட்டி ஈய முத்திரை குத்தி அட்டையில் கையெழுத்திட வேண்டும். அந்தச் சான்றிதழுக்குப் போவதற்கு முன் மேற்பார்வையில் குறைந்தது 20 ரிசர்வாவது மடித்திருக்க வேண்டும். என் முதல் ரிசர்வுக்கு ஒரு முழு நாள் ஆனது. முழங்கால் தேய்ந்துவிட்டது.

எடை எதற்கு என்று கேட்பார்கள். 75 கிலோ ஆள் என்றால் 165 பவுண்டு, உடம்பில் மாட்டும் சாமான் இன்னொரு 25 பவுண்டு, ஆக 190. இவர் 190 சதுர அடிக் குடையில் தொங்கினால் ஒரு சதுர அடிக்கு ஒரு பவுண்டு. புதியவருக்கு அதற்கு மேல் வேண்டாம் என்பேன். அதே ஆள் 150 வாங்கினால் கிட்டத்தட்ட 1.27 வருகிறது. குடை வேகமாகப் பறக்கும், சின்னதாக இழுத்தாலும் சட்டென்று திரும்பும், தரைக்கு அருகில் செய்கிற தப்பைத் திருத்த நேரமே தராது. நன்றாகத் திறந்து ஒரு குறையும் இல்லாமல் பறந்துகொண்டிருக்கிற குடையோடு தாழ்வாகத் திரும்பித் தரையில் மோதிச் சாகிறவர்கள் இந்த விளையாட்டில் உண்டு. இதைச் சொன்னால் "வளர்ந்த பிறகு மாற்றச் செலவாகுமே" என்பார்கள், பள்ளிக்கூடத்துச் சட்டை வாங்குகிற மாதிரி. ஆனால் அங்கே பெரிதாக வாங்குவோம், இங்கே சின்னதாக வாங்கிவிட்டு அதற்கேற்ற திறமை பிறகு வந்து சேரும் என்று நம்புகிறார்கள்.

குடையை உடம்போடு கட்டுகிற பட்டைகள், அதாவது ஹார்னஸ் விஷயம் இதைவிட மோசம், ஏனென்றால் அது பொருந்தவில்லை என்பது தரையில் நிற்கும்போது தெரியாது. உயரமான ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்ததைக் குள்ளமானவர் மலிவாக வாங்குவார். கால் பட்டையை இறுக்கினால் சரியாகத்தான் இருக்கும். குடை திறந்து தொங்கும்போது ஹார்னஸ் மேலே ஏறி, நெஞ்சுப் பட்டை கழுத்தை நோக்கி வரும், மெயினைக் கழற்றவும் ரிசர்வைத் திறக்கவும் இழுக்கிற கைப்பிடிகள் கை பழகிய இடத்தில் இருக்காது. அதனால் வாங்க வருகிறவரைக் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிடுவேன், தொங்கியபடி கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைத் தொடச் சொல்வேன். சிரிப்பார்கள். கை எங்கெங்கோ தடவியதும் சிரிப்பு நின்றுவிடும்.

பழைய சாமானில் துணியைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் தெரியும். ஆளைக் குடையோடு இணைக்கிற கயிறுகளான லைன்களை யாரும் பார்ப்பதில்லை. ஸ்பெக்ட்ரா என்ற செயற்கை இழை லைன் உரசல் சூட்டில் சுருங்கும், குடை மெதுவாக விரிய லைன்கள் வழியே இறங்குகிற ஸ்லைடர் துணி அதிகம் உரசுகிற வெளி லைன்களும், திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கிற பிரேக் லைன்களும் முதலில் சுருங்கும், குடை மெல்ல மெல்ல வடிவம் கெடும். அப்புறம் பில் பூத் 1970களில் கண்டுபிடித்த மூன்று வளையப் பூட்டு. கெட்டுப்போன மெயினை ஒரே இழுப்பில் கழற்றிவிடுகிற அற்புதமான எளிய பொருள். மாதம் ஒருமுறை கழற்றி, விறைத்துப்போன நாடாவைக் கையால் வளைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். யார் செய்கிறார்கள்? ரிசர்வைத் தானாகத் திறக்கிற சைப்ரஸ் கருவிக்கு மட்டும் எல்லோரும் தயாரித்த தேதி கேட்கிறார்கள், ஆயுள் முடிந்தால் புதிதுக்குப் பணம் போகுமே. 750 அடி வாக்கில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அது தானே ரிசர்வை மூடிவைத்திருக்கிற கயிற்று லூப்பை வெட்டிவிடும். ஆனால் உள்ளே இருக்கிற ரிசர்வை நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அது கேட்காது.

இவ்வளவு பேசுகிற நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அறுபது தடவை மட்டுமே குதித்திருந்த ஒரு இளைஞர் பழைய ரிக் (ஹார்னஸும் இரண்டு குடைகளும் சேர்ந்த முழு செட்) ஒன்றைச் சோதிக்கக் கொண்டுவந்தார். துணி, லைன், வளையம் எல்லாம் பார்த்தேன், ரிசர்வையும் மடித்துக் கொடுத்தேன். மெயினை வெளியே இழுக்கிற பைலட் சூட் என்ற குட்டிக் குடையில், அதை மெயினோடு இணைக்கிற நாடாவுக்குள் கில் லைன் என்று ஒரு லைன் ஓடும். மடிக்கும்போது அதை இழுத்துத் தயார் செய்தால் நாடாவில் இருக்கிற சின்ன ஜன்னலில் பச்சை தெரியும். பச்சை தெரிந்தது. அதோடு விட்டுவிட்டேன். நாடாவோடு சேர்த்துப் பிடித்து அளந்திருந்தால் உள்ளே லைன் நான்கு விரற்கடை சுருங்கியிருந்தது தெரிந்திருக்கும். அப்படிச் சுருங்கினால் குட்டிக் குடையின் உச்சி கீழே இழுபட்டு அது முழுசாக விரியாது, இழுப்பு வலு குறைந்துவிடும்.

மூன்று வாரம் கழித்து 4,000 அடியில் பைலட் சூட்டை எறிந்தார், அது முதுகுக்குப் பின்னால் சும்மா ஆடிக்கொண்டு வந்தது. அந்த நிலையில் முதலில் மெயினைக் கழற்றுவதா, நேரே ரிசர்வுக்குப் போவதா என்று இரண்டு கட்சி உண்டு. அவருக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டாவது. யோசிக்காமல் இழுத்தார், ரிசர்வ் திறந்தது. அதற்கு முந்தைய இரண்டு குதிப்பிலும் மெயின் திறக்க நேரமானதாம், "எவ்வளவு மென்மையாகத் திறக்கிறது" என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

ரிசர்வ் காப்பாற்றினால் அதை மடித்த ரிக்கருக்கு ஒரு பாட்டில் கொடுப்பது இங்கே வழக்கம். மறுநாள் நல்ல விஸ்கியோடு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேஜையில் நாடாவையும் கில் லைனையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தேன். காட்டி, இதை நான் அளக்கவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். புது பைலட் சூட் என்ன விலை என்று கேட்டார். காசு வேண்டாம் என்றேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. சாயங்காலம் மெயின் மடிக்கிற பையன்கள் அதைக் காலி செய்தார்கள், நான் ஹேங்கரில் வாடகைக்கு விடுகிற ரிக்குகளின் கில் லைன்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தேன்.