மேல்தளத்தில் பத்து நிமிடம்

ஐரோப்பாவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது என் வேலை. ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றில் வெயிலில் ஏறி இறங்கி, அடிவாரத்து அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது எல்லோருக்கும் கால்வலி, பசி. அதனால் மேல்தளத்துக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்குவேன்.

ஒரு முறை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கிருந்து நகரவே இல்லை. பார்த்தினான் கோயிலின் சிற்ப வரிசையைக் காட்டி, "தம்பி, இந்தக் கல் தேன் நிறத்துல இருக்கு. பக்கத்துல இருக்கிறது சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கே, ஏன்?" என்றார்.

"அது பிளாஸ்டர் நகல் டீச்சர். அசல் லண்டன்ல இருக்கு."

"அப்போ யாரும் திருப்பிக் கேக்கலையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து படித்தபோதுதான் மெலினா மெர்கூரி யாரென்று தெரிந்துகொண்டேன்.

1920இல் ஏதென்ஸில் பிறந்தவர். தாத்தா அந்த நகரத்தின் மேயர். இவர் நடிகையானார், 1960இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். 1967இல் கிரீஸில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது நியூயார்க்கில் மேடை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பேசினார். உடனே குடியுரிமையைப் பறித்தார்கள், சொத்தையும் முடக்கினார்கள். நான் கிரேக்கப் பெண்ணாகப் பிறந்தேன், கிரேக்கப் பெண்ணாகவே சாவேன் என்று பதில் சொன்னார். வருடத்தில் பாதி நாள் வெளியூரில் கிடக்கிறவன் நான். பாஸ்போர்ட் கையில் இருக்கிற தைரியத்தில்தான் தூங்குகிறேன். அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1974இல் ராணுவ ஆட்சி கவிழ்ந்ததும் ஊர் திரும்பினார். முதல் தேர்தலில் தோல்வி. 1977இல் பிரேயஸ் துறைமுகப் பகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1981இல் கலாசார அமைச்சர். அடுத்த வருடமே மெக்சிகோவில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் அந்தச் சிற்பங்களைத் திருப்பிக் கேட்டார். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றத்துக்கே போய்ப் பேசினார். ஏதென்ஸில் அவற்றை வைக்கச் சரியான இடம் இல்லை என்பது பிரிட்டிஷ் தரப்பு வாதங்களில் ஒன்று. சரி, இடம் கட்டிவிடலாம் என்று புது அருங்காட்சியகத்துக்காகச் சர்வதேச வடிவமைப்புப் போட்டி நடத்தவும் ஏற்பாடு செய்தார். கட்டடம் திறந்தது 2009இல். அவர் 1994 மார்ச்சிலேயே புற்றுநோயால் இறந்துவிட்டார், அப்போதும் அமைச்சர்தான்.

டீச்சர் கேட்ட கேள்விக்கான பதில் அந்தக் கட்டடம்தான். அதற்குள் நின்றுகொண்டுதான் நான் பதில் தெரியாமல் விழித்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் மேல்தளத்துக்கு முக்கால் மணி நேரம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் குன்றின் மேல் அசல் கோயில் தெரியும். அதே திசைக்கு இந்தத் தளத்தையும் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். முதலில் அங்கே நிற்க வைப்பேன், அப்புறம்தான் வெள்ளை நகல்கள்.

2023இல் வாடிகன் தன்னிடமிருந்த மூன்று துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. செய்தியை டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எந்தெந்தத் துண்டு என்று கேட்டார். ஒரு குதிரையின் தலை, ஒரு சிறுவனின் தலை, தாடி வைத்த ஒருவரின் தலை என்றேன். அடுத்த முறை போகும்போது அந்தக் குதிரையை மட்டும் கிட்டத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்.