கருங்கல் சாளை: ஆறு மாதக் குறிப்புகள்

பிப்ரவரி 4
பூட்டு துருவேறி இறுகிவிட்டதால் உடைத்துத்தான் திறந்தோம். காங்கேயத்துக்குத் தெற்கே, கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தின் நடுவில், கிளுவை முள்வேலிக்குள் நிற்கிறது அப்பாரு, அதாவது தாத்தா, கட்டிய கருங்கல் சாளை, எங்கள் தோட்டத்து வீடு. சுவர் இரண்டடி கனம். உள்ளே கறையான் புற்று, வௌவால் எச்சம், அட்டாலிப் பரணில் ஒரு ஏர்க்கொழு. ஆசாரம் என்கிற கூடமும் சமையலறையும் நாங்கள் குடியிருக்க. மாடு கட்டிய கட்டுத்தரை, விடுமுறைக்கு வருவோருக்கு இரண்டு அறைகளாக மாறும். அம்மாவுக்கு இதில் ஒரே ஆட்சேபணைதான்: "மாடு கட்டிய இடத்தில் காசு வாங்கிக்கொண்டு மனிதரைப் படுக்க வைப்பாயா?"

பிப்ரவரி 19
சிமெண்ட் பூச்சு முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. மேஸ்திரி சுத்தியலால் தட்டினார். வெறும் பானைச் சத்தம். கல்லுக்கு இடையே இருப்பது மண்ணும் சல்லியும். தரையிலிருந்து ஏறும் ஈரம் முன்பு சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறியிருக்கிறது. சிமெண்ட் அதை அடைத்ததும் ஈரம் இன்னும் மேலே ஏறிவிட்டது.

"சுவருக்கு மழைக்கோட்டு மாட்டியிருக்கிறார்கள் தம்பி, உள்ளேயே வேர்த்திருக்கிறது. யாருங்க இந்த வேலை பார்த்தது?"

2003-இல், முதல் சம்பளத்தில், நான்தான். அவரிடம் சொல்லவில்லை. ஈரம் நிற்கும் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

மார்ச் 11
சிமெண்டைக் கொத்தி எடுக்கவே மூன்று வாரம். சுண்ணாம்புக் கல் தொட்டியில் நீறிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பீப்பாயில் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நாற்றம் கிணற்றடி வரை வருகிறது. பூசிய இடத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, வெயில் படாமல் காக்கிறோம். காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் மறுபடி கல்லாகும். அவசரமாகக் காய்ந்தால் மாவாகிவிடும். கைக்குழந்தை இருக்கும் வீடு போலத்தான் நடக்கிறது வேலை.

ஏப்ரல் 2
ஓடு இறக்கினோம். பாதி உடைசல். ஒன்றின் அடியில் பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறித்தவ அமைப்பின் முத்திரையும் 1865 என்ற எண்ணும். வீட்டுக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் என்று மேஸ்திரியின் மகன் குதித்தான். அது மங்களூரில் அவர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு என்று நான் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மே 20
பணம் தீர்ந்தது. வீட்டுக்குப் பின்புறப் பொடக்காலியைக் குளியலறையாக்கும் வேலை பாதியில் நிற்கிறது. ஆசாரத்துக்கு வழுவழுப்பான டைல்ஸ் கேட்ட அம்மா, வெயிலில் வந்து பழைய பலகைக் கல்லில் படுத்தவர் மாலை வரை எழவில்லை. டைல்ஸ் பேச்சு அதோடு போயிற்று.

ஜூலை 28
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக் காற்று. நேற்றிரவு பதினான்கு ஓடுகள் பறந்தன. முதல் விருந்தினர்களாக வந்த நண்பர் குடும்பம் விளக்கைப் போட்டுக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தது. காலையில் அம்மா கம்பங்கூழ் ஊற்றிச் சமாதானப்படுத்தினார்.

அவர்கள் போனபின் சுவரைப் பார்த்தேன். ஈரம் பென்சில் கோட்டுக்கு நான்கு விரல் கீழே இறங்கியிருக்கிறது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கோடையில் எந்தச் சுவரும் காயுங்க. ஐப்பசி வரட்டும்."