வாசலில் ஒரு மஞ்சள் அசோகு

17 மார்ச் 2019, சுங்கை சிப்புட், மலேசியா
இன்று வாசலோரம் மஞ்சள் அசோகு நட்டேன். முழங்கால் உயரக் கன்று. மலாய்க்காரர்கள் காப்பிஸ் என்பார்கள். இதன் அறிவியல் பெயரிலேயே நம் தைப்பிங் நகரம் இருக்கிறது: சராகா தைப்பிங்கென்சிஸ்.

பக்கத்து வீட்டு அக்கா, "அசோகமரம் நெட்டையா தூண் மாதிரில்ல இருக்கும்?" என்றார். அது நெட்டிலிங்கம். சீதை அமர்ந்திருந்த அசோகு இந்தியாவுக்குரியது, பூ ஆரஞ்சாகிச் சிவக்கும். இது அதற்கு உறவான மரம்தான், மலாயாக் காட்டு ஓடைக்கரையில் வளர்வது. ஈரம் வேண்டும் என்பதால் கால்வாய்ப் பக்கமாகவே குழி எடுத்தேன்.

அப்பா காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அது பிரேசிலிலிருந்து வந்தது. இப்போது ஊரைச் சுற்றியிருக்கும் செம்பனை (எண்ணெய்ப்பனை) மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. "இந்த மண்ணு மரத்த இப்பத்தான் நடுறோம்" என்றார்.

5 மே 2019
காலையில் பதறிவிட்டேன். புதுத் தளிரெல்லாம் துவண்டு, நனைந்த துணி போலக் கொத்தாகத் தொங்கியது. தண்ணீர் கூடிப்போச்சோ என்று மண்ணைக் கிளறிப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்த மரத்தின் தளிரே அப்படித்தான்: வெளிர் ஊதாவாகத் தொங்கி, பச்சை ஏறும்போது தானாக விறைத்துக்கொள்ளும். எவ்வளவு மென்மையாக இருந்தது தொடுவதற்கு!

11 பிப்ரவரி 2020
கடும் வெயில். இலை ஓரம் கருகுகிறது. அடியில் காய்ந்த ஓலை பரப்பினேன்.

23 ஆகஸ்ட் 2021
புல் வெட்ட வந்தவரின் மெஷின் அடிமரத்தைச் சீவிவிட்டது. அழுகையே வந்தது. அப்பா குனிந்து, காயத்தின் விளிம்பை விரலால் சுற்றித் தடவினார். "பட்டையைச் சுத்தி வெட்டியிருந்தா மரம் போயிருக்கும். இது பாதிதான். மருந்தெல்லாம் பூசாத, அதுவே மூடிக்கும்" என்றார். பட்டையைப் பற்றி அவருக்குச் சொல்ல நான் யார்? அடியைச் சுற்றிக் கல் அடுக்கினேன், இனி மெஷின் நெருங்காது.

9 மார்ச் 2024
பூத்துவிட்டது! கிளை நுனியில் தேடிக்கொண்டிருந்தேன். மொட்டு வந்ததோ அடிமரத்தில், பழைய காயத்துக்கு ஒரு சாண் மேலே. உள்ளங்கை அளவு மஞ்சள் கொத்து, நடுவில் சிவப்புப் பொட்டு. இதழ் என்று நாம் நினைப்பது, மொட்டை மூடியிருக்கும் புல்லிதான். இந்தப் பூவுக்கு இதழே கிடையாது.

இரவு மணம் கூடியது. அப்பா டார்ச்சோடு வந்து, முட்டி வலியையும் பார்க்காமல் மரத்தடியில் குந்தினார்.

"இத்தனை வருசத்துல பட்டையில பால்தான்மா பாத்திருக்கேன்" என்றார்.