கச்சான் காற்றில் 38 கிலோமீட்டர்

மே 18, 2025, ஞாயிறு

ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கிறது. மண்டபம் கரையோரம் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? எங்கள் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டு, ஓட்டை விழுந்த கேன்களுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு எழுதுகிற நான் எட்டு மணிக்குப் போனால் போதும். மற்ற மாதங்களில் விடியுமுன்னே லோடு பார்க்க நின்றாக வேண்டும். ஆக, எனக்கு சைக்கிள் சீசன் என்றால் இந்த 61 நாள்தான்.

பந்தயத் தேதி உறுதியாகிவிட்டது. ஜூன் 8. முகுந்தராயர் சத்திரத்தில் கிளம்பி, தனுஷ்கோடியைத் தாண்டி, அரிச்சல்முனையில் அசோகத் தூணைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஒரு வழிக்கு 9.5 கிலோமீட்டர். கியர் சைக்கிளுக்கு இரண்டு சுற்று, 38 கிலோமீட்டர். சாதாரண சைக்கிளுக்குத் தனிப் பிரிவு, ஒரு சுற்று.

1964 டிசம்பர் புயல் அடித்துப் போட்ட பிறகு 2017 வரை அந்தக் கடைசி நீளத்துக்கு ஒழுங்கான ரோடு கிடையாது. மணலில் வேனும் ஜீப்பும் முக்கி முனகிப் போகும். அங்கே சைக்கிள் பந்தயம் நடக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தேனிப் பக்கத்து நண்பர் ஒருவர் போனில், “உங்க ஊர்ல மேடே கிடையாது, அப்புறம் என்ன கஷ்டம்?” என்றார். மேடு ஏறினால் இறக்கம் உண்டு. இறக்கத்தில் காலை நிறுத்தி மூச்சு வாங்கலாம். இங்கே பாம்பன் பாலத்தின் நடு முதுகை விட்டால் மேடும் இல்லை, இறக்கமும் இல்லை. கிளம்பினதிலிருந்து மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவருக்கு அது புரியவில்லை. ஒரு தடவை வந்து மிதித்தால் புரியும்.

மே 24, சனி

பாம்பன் பாலம் தாண்டிப் போய்த் திரும்பும்போது பின் டயர் பஞ்சர். சீமைக்கருவேல முள். இந்த மாவட்டத்தில் கண்ணாடிச் சில்லைவிட இதற்குத்தான் நான் பயப்படுவது. டயரைக் கழற்றினால் வெளியே ஒன்றும் தெரியாது. முள் உள்ளே ஒடிந்து, ரப்பருக்குள் நுனியை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புது டியூபைப் போட்டால் அரை கிலோமீட்டரில் அதுவும் போகும். டயரின் உட்பக்கம் முழுக்க விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்ப்பேன். கைக்குட்டையால் தடவச் சொல்கிறவர்கள் உண்டு, நூல் மாட்டிக்கொள்ளுமாம். எனக்கு விரல்தான் சரி. குத்தினதும் தெரிந்துவிட்டது. நகத்தால் பிடுங்க வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன்.

பாலத்தில் வழக்கம்போல வண்டிகளை ஓரம் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 6-இல் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து கூட்டம் இரண்டு மடங்கு. சைக்கிள்காரன் அவர்கள் முதுகுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து போக வேண்டியிருக்கிறது.

மே 29, வியாழன்

கச்சான் பிடித்துவிட்டது. தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்குப் போகிற ரோடு தென்கிழக்கே ஓடுகிறது. அதாவது காற்று நேராக வலது விலாவில் வந்து மோதும். திரும்பும்போது இடது விலாவில். எதிர்க்காற்றென்றால் முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் ஒளியலாம். பக்கக்காற்றில் நேர் பின்னால் போனால் பிரயோஜனமில்லை.

சித்தப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், அவர் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். எட்டாம் தேதி காற்று எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

“விடியக்குள்ள சோந்துதான்டா கெடக்கும் தம்பி. வெயிலு ஏற ஏறத்தான் கச்சான் எந்திரிக்கும். எத்தன மணிக்கு ஓட விடுறாங்க?”

“ஆறே கால் சித்தப்பா.”

“அப்ப போறப்ப தெரியாது. ரெண்டாவது தடவ போறப்ப பாரு.”

வலைக்கார நண்பன் ஒருவன் விளிம்பு உயரமான சக்கரம் ஒரு ஜோடி தருகிறேன், வேகம் கூடும் என்றான். வேண்டாம் என்றேன். உயரமான விளிம்பு பக்கக்காற்றைப் பாய் மாதிரி பிடிக்கும். ஹேண்டிலைப் பறித்துக்கொண்டு போகும். என் பழைய தட்டை ரிம்மே போதும்.

ஜூன் 1, ஞாயிறு

இத்தனை நாளும் தனியாகவே ஓட்டிப் பழகினவன் நான். இன்று ராமநாதபுரத்துக் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேருடன் உச்சிப்புளி ரோட்டில் பழகினேன். அவர்கள் ‘சாய்வு வரிசை’ என்கிறார்கள். காற்று வலமிருந்து வந்தால் முன்னால் போகிறவர் வலப்பக்கம் நிற்பார். அடுத்தவர் அவருக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கம் தள்ளி. அதற்கடுத்தவர் இன்னும் இடப்பக்கம். காற்று முதல் ஆளோடு போகும். அவர் கொஞ்சம் மிதித்துவிட்டு விலகிப் பின்னுக்கு வருவார், அடுத்தவர் முன்னால் போவார்.

முப்பதுக்கு மேல் வேகம் போனால் உடம்பு செலவழிக்கிற பலத்தில் பெரும்பங்கு காற்றைப் பிளக்கத்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. புத்தகத்தில் படித்தது இன்றைக்குத் தொடையில் தெரிந்தது. வரிசைக்குள் இருந்தபோது பேசிக்கொண்டு வந்தேன். ஒரு கை அகலம் விலகினதும் பேச்சு நின்றுவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், நமக்கு ரோட்டின் இடது பாதிதான். அந்த அகலத்தில் நாலைந்து பேருக்குத்தான் காற்றுக்கு மறைப்பு கிடைக்கும். அதற்கு மேல் வருகிறவன் ரோட்டோரக் கோட்டின் மேல் தனியாகக் காற்று வாங்க வேண்டியதுதான்.

ஜூன் 7, சனி

பக்ரீத். பக்கத்து வீட்டு மாப்ள மதியம் பிரியாணிச் சட்டியோடு வந்துவிட்டான். “நாளைக்கு ரேஸ் மாப்ள” என்றேன். “அதுக்குத்தான் கொண்டாந்தேன், தெம்பு வேணும்ல” என்றான். மூன்று கரண்டியோடு நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான்.

சட்டைப் பைக்குக் கருப்பட்டித் துண்டும் கடலை மிட்டாயும். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்புப் போட்ட எலுமிச்சை. டயரில் காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்தேன், ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

மச்சானின் குட்டி யானையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நாலரைக்குக் கிளம்பினோம். கியர் பிரிவில் அறுபது பேர் இருக்கலாம். மதுரை, தூத்துக்குடி, காரைக்குடி என்று பல ஊர். சைக்கிள்களைப் பார்த்தால் என் சைக்கிளுக்கே கூச்சம் வந்திருக்கும்.

சித்தப்பா சொன்னபடி காற்று மந்தமாக இருந்தது. முதல் கிலோமீட்டர்களில் இரு பக்கமும் சவுக்கும் கருவேலும் மறைப்பு. கூட்டம் மொத்தமாக, பேசிக்கொண்டே போனது. இந்த ரோடு எனக்குத் தெரியும். பழைய சர்ச் இடிபாட்டைத் தாண்டினதும் மறைப்பு தீர்ந்துவிடும். அப்புறம் வலப்பக்கம் அலையடிக்கிற ஆண்கடல், இடப்பக்கம் அமைதியான பெண்கடல், நடுவில் கருங்கல் அடுக்கின கரையில் நாம். சர்ச் தெரிந்ததுமே வலப்பக்கமாக முன்னே நகர்ந்து ஏழாவது எட்டாவது ஆளாக நின்றுகொண்டேன்.

மந்தமென்றாலும் காற்று காற்றுதான். திறந்த இடத்துக்கு வந்த ஒரு நிமிடத்தில் கூட்டம் மூன்றாகக் கிழிந்தது. மதுரைக்காரர்கள் இரண்டு பேர் முன்னால் போய், வேண்டுமென்றே வரிசையை இடது ஓரத்துக்கு நெருக்கினார்கள். பின்னால் ‘டேய் டேய்’ என்று சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை.

அரிச்சல்முனை வளைவில் மணல் பரவிக் கிடந்தது. தூணைச் சுற்றும்போது எனக்கு முன்னால் போனவருக்கு முன் சக்கரம் வழுக்கி, சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முழங்கை தோல் போனதோடு சரி, எழுந்து மறுபடி மிதித்தார். நான் பிரேக்கைத் தொடாமல் அகலமாகச் சுற்றி வந்தேன்.

திரும்பும் வழியில் சாதாரண சைக்கிள் பையன்கள் எதிரே வந்தார்கள். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுக்கிற சைக்கிள்தான் பல பேரிடம். முன்கூடையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஒருவன் ஆண்கடல் பக்கத்தில் எவனை விட்டானோ அவனுக்குச் சரியாக இடப்பக்கம் ஒண்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு யாரும் சாய்வு வரிசை சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பிரிவில் அவன்தான் ஜெயித்தான் என்று பிறகு தெரிந்தது. மீனவக் குடியிருப்புப் பையன்.

இரண்டாவது சுற்றில் கச்சான் எழுந்தது. மணல் தரையோடு பறந்து முழங்காலில் குத்துகிறது. சைக்கிளைக் காற்றுக்குள் சாய்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. சர்ச் தாண்டி நான் முன்னால் இழுத்து முடித்துப் பின்னுக்கு வந்த நேரம் பார்த்து மதுரைக்காரர் வேகத்தைக் கூட்டினார். வரிசையின் வாலைப் பிடிக்க இரண்டு சைக்கிள் நீளம் பாக்கி. அமைதியான நாளில் அது ஒன்றுமே இல்லை. இன்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு மிதித்தேன், இரண்டு மூன்றானது, மூன்று ஐந்தானது. அவ்வளவுதான்.

தனியாக அரிச்சல்முனை வரை போனது மகா கொடுமை. தூணைச் சுற்றினதும் பின்கூட்டம் என்னைச் சேர்த்துக்கொண்டது. அதில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயது இருக்கும், மொத்தக் கூட்டத்தையும் அதட்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். “அண்ணே, இப்ப காத்து இடப்பக்கம். வலதுல சரிஞ்சு வாங்க. பத்து மிதி மிதிச்சிட்டு விலகிருங்க, அதுக்கு மேல வீரம் வேண்டாம்.” பத்து மிதி, விலகல், பத்து மிதி, விலகல். சத்திரம் வரைக்கும் அப்படியே. அவள் சொல்லாமல் விட்டிருந்தால் ஆளுக்கு ஆள் வீரம் காட்டி எல்லாரும் செத்திருப்போம்.

கடைசி இருநூறு மீட்டரில் அவள் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் பதினாலாவது. ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே.

ஜூன் 10, செவ்வாய்

வளைவில் தண்ணீர் வைப்போம் என்று சொன்னார்கள், வைக்கவில்லை. அந்த வெயிலில் அது சின்ன விஷயமில்லை, நடத்தினவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல மனிதர்கள்தான், அடுத்த முறை கேன் கொண்டுவந்து இறக்க எங்கள் கம்பெனி வண்டியையே கேட்கலாம் என்றேன்.

செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்தால் டப்பா அடியில் அரை விரல் மணல். சீட் போல்ட்டில் உப்புத் துரு ஏற ஆரம்பித்திருக்கிறது.

கல்லூரிப் பையன்கள் ஞாயிறுதோறும் உச்சிப்புளி ரோட்டுக்கு வரச் சொல்கிறார்கள். வருகிற ஞாயிறு 15-ஆம் தேதி. தடை முடிந்து படகுகள் கிளம்பும், சனி இரவெல்லாம் ஐஸ் லோடு. கம்ப்ரஸர் நேற்றே ஓட ஆரம்பித்துவிட்டது. 22-ஆம் தேதி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.