கோத்தகிரி லைன் வீடுகளில் கிறிஸ்துமஸ்

டிசம்பரில் நீலகிரிக்கு ஏறினால், உதகை புனித ஸ்தேவான் ஆலயத்தில் சற்று நேரம் உட்காராமல் நான் அத்தை வீட்டுக்குப் போவதில்லை. 1829இல் அடிக்கல் நாட்டி, 1831இல் ஈஸ்டர் ஞாயிறன்று வழிபாட்டுக்குத் திறந்த கோயில் அது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த திப்பு சுல்தானின் அரண்மனையில் கழற்றியவை. தோற்றவரின் மாளிகை மரத்தில் சமாதானப் பிரபுவுக்குக் கூரை! கடைசி இராப்போஜன ஓவியத்தின் முன் முழங்காலிடும்போது இந்த நெருடலும் ஜெபத்தோடு சேர்ந்துகொள்கிறது.

அங்கிருந்து கோத்தகிரிக்கு பஸ். அத்தை வீட்டில் அச்சு முறுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. சூடான அச்சை மாவில் முக்கால் பங்குதான் தோய்க்க வேண்டும். முழுதும் மூழ்கினால் முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது. மருமகளுக்கு அத்தை இதைக் கற்றுத்தரும் தோரணைக்கு முன்னால் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் தோற்றார்கள். பக்கத்து வீட்டார் கத்தோலிக்கர். அங்கே பிள்ளைகள் பாசியும் வைக்கோலும் பரப்பிக் குடில் கட்டினார்கள். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோவில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்டிய காட்சிதான் இந்த வழக்கத்தைப் பரப்பியது. எங்கள் சபைப் பிள்ளைகளும் அங்கேயேதான் கிடந்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

இரவு கேரல் பவனி புறப்பட்டது. கிதார், டிரம், கம்பளித் தொப்பிக்கு மேல் முகமூடி மாட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா. தேயிலைச் சரிவில் பனி இறங்க, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகள் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், பிறகு பிளேன் டீ. ஆலயத்தில் முதுகை மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர்களின் அடுப்படியையும் மருந்துப் புட்டியையும் அன்றுதான் பார்க்கிறோம். யாருக்காக எதைக் கேட்டு ஜெபிப்பது என்பது அப்போதுதான் தெரிகிறது. சபை என்பதை நான் நம்புவது இந்த நடையினால்தான்.

ஒரு வீட்டில் இயேசு பிறந்த வேதபகுதியை மாமாவை வாசிக்கச் சொன்னார்கள். "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்ற இடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்த 5,25,000 இந்திய வம்சாவளியினரில், இலங்கையின் ஹட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்த அவர் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகே இந்த மலைக்கு வேலைக்கு வந்தவர்கள். மிச்ச வசனத்தை அவருடைய பேத்தி வாசித்து முடித்தாள். முகாமில் தகரக் கூரையின் கீழ் கழிந்த ஒரு கிறிஸ்துமஸைப் பற்றி அவளிடம் மாமா முதன்முதலாகப் பேசியது அன்றைய இரவில்தான், அடுத்த வீட்டுக்கு நடக்கும் வழியில்.

கடைசியாக, சபைக் கமிட்டியோடு மனத்தாங்கல் கொண்டு ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒருவரின் வீடு. போகலாமா என்று சிலர் தயங்கினார்கள். ஆயர் எதுவும் சொல்லாமல் முன்னால் நடந்தார். இரண்டாவது சரணத்தில் கதவு திறந்தது. அவர் பாடவில்லை, காணிக்கை உறையை மட்டும் நீட்டிவிட்டு, எல்லாரும் உள்ளே வந்து உட்காரும்படி சொன்னார். உட்கார்ந்தோம். பழைய சண்டையை யாரும் எடுக்கவில்லை, அவருடைய மூட்டுவலியைப் பற்றித்தான் பேச்சு.

விடியற்கால ஆராதனைக்கு அவர் வரவில்லை. அவர் மனைவி வந்திருந்தார், ஆயர் வீட்டுக்கென்று ஒரு டப்பா கேக்குடன்.