குடியுரிமைக்கு ஒரு வருஷம்: அல்சூர் நாட்குறிப்பு

9 மார்ச் 2025

பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் பழக்கமான ஒருவர், "ஏழு வருஷம் இங்கேயே இருந்தாத்தாங்க இந்தியக் குடியுரிமை திரும்பக் கிடைக்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவர் பதினோரு வருஷம் என்றார். இரண்டும் 1955ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தில் இருப்பவைதான், ஆனால் இந்தியக் குடிமகளாக இருந்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய என்னைப் போன்றவர்களுக்கு அல்ல. ஏழு வருஷம் என்பது இந்திய வம்சாவளியினருக்கும், இந்தியரை மணந்துகொண்டவர்களுக்கும். பதினோரு வருஷம் என்பது பொதுவாக வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு. ஒரு காலத்தில் இந்தியக் குடிமக்களாக இருந்தவர்களுக்கு, விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதம் இங்கே வசித்திருந்தால் போதும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வாங்கி ஐந்து வருஷம் ஆனவர்களுக்கும் அதே பன்னிரண்டு மாதம்தான். எனக்கு இரண்டு வழியும் இருக்கிறது.

நியூஜெர்சி வீட்டை விற்றுவிட்டு நான் வந்து இறங்கியது போன வருஷம் ஜூலை 10. அன்றிலிருந்து இந்த நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை. என்னைப் போலத் திரும்பி வந்து, யாரோ சொன்ன ஏழு வருஷக் கணக்கை நம்பி விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

23 மார்ச்

சான் ஹோசேயில் மகளுக்கு வளைகாப்பு. வீடியோவில் பார்த்தேன். சம்பந்தியம்மா அழகாக நடத்திவிட்டார்கள். முடிந்ததும் மகள் கேட்டாள்: "மே கடைசியில வந்துடுவேல்லம்மா? மூணு மாசம் இருப்பேல்ல?" ஜூன் முதல் வாரத்தில் பிரசவம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். பார்க்கலாம் கண்ணு என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

6 ஏப்ரல்

மூன்று மாதம் போனால் இந்த வருஷக் கணக்கு அறுந்துவிடும், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் குழப்பமே இல்லை. ஆனால் விசாரித்த இடத்தில் ஒருவர் சொன்னார்: "முப்பது நாள் வரைக்கும் வெளிய போகலாம் மேடம், சட்டத்துலயே இருக்கு."

சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2015 திருத்தத்தில் சேர்த்தது அது. சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால், அதை எழுத்தில் பதிவு செய்துவிட்டு, அதிகபட்சம் முப்பது நாள் வரை தளர்த்தலாம். ஒரே தடவையாக இல்லாமல் விட்டு விட்டு இருந்தாலும் சரி. ஆக, "தளர்த்தலாம்" என்றுதான் இருக்கிறது. அந்த முப்பது நாள் எனக்கு உரிமையாக வந்த விடுமுறை இல்லை. போய்விட்டு வந்து, கேட்டு, அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. மகளின் பிரசவம் எனக்குச் சிறப்புச் சூழ்நிலை. டில்லியில் கோப்பைப் பார்ப்பவருக்கும் அப்படித் தோன்றுமா?

அதற்குக் கீழே இன்னொரு உட்பிரிவைப் படித்ததும்தான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமே விரும்பி வாங்கினால் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை முடிந்துபோகிறது. அப்படி முடிந்துபோனவர்களை மத்திய அரசின் உத்தரவு இல்லாமல் மறுபடி பதிவு செய்ய முடியாது என்கிறது 5(3). அதாவது, எல்லாத் தகுதியும் இருந்தாலும் என் விண்ணப்பமே ஒரு சலுகைக்கான வேண்டுகோள்தான். அதற்குள் இன்னொரு சலுகையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முழு வருஷமும் இங்கே இருந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

26 ஏப்ரல்

போன வருஷம் இதே நாளில் பெங்களூரில் நாடாளுமன்றத் தேர்தல். வீட்டை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்த சமயம், அக்காவைப் பார்க்க வந்திருந்தேன். அவளோடு ஓட்டுச்சாவடி வரைக்கும் போய் வெளியிலேயே நின்றேன். ஓசிஐ அட்டை இருந்தால் வாழ்நாள் முழுக்க இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம், ஃபிளாட் வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. வரியும் கட்டி, தண்ணீர் லாரிக்கும் காத்திருந்து, தெருவில் சாக்கடை அடைத்தால் அதற்கும் போய் நிற்கிறேன். ஆனால் இதையெல்லாம் யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்வதில் எனக்குப் பங்கு இல்லை. மாநகராட்சித் தேர்தல் 2015க்குப் பிறகு நடக்கவே இல்லை. நடக்கிறபோது வரிசையில் நானும் நிற்க வேண்டும்.

11 மே

மகளிடம் சொல்லிவிட்டேன். கோபம். நியாயமான கோபம்.

"இப்ப வர மாட்டேங்கற, சரி. அமெரிக்க பாஸ்போர்ட்ட விட்டுட்டா அப்புறம் பேரக் குழந்தையப் பாக்கவும் விசா வரிசைல நிக்கணுமே, அத யோசிச்சியாம்மா?"

யோசித்தேன். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. உள்துறை அமைச்சகம் ஏற்பதாகக் கடிதம் கொடுத்த பிறகு அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து, அதற்கான சான்றைக் காட்டினால்தான் பதிவுச் சான்றிதழ். கடிதம் வந்த பிறகுதான் துறக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு, ஆனாலும் அதற்கப்புறம் நான் அவள் வீட்டுக்குச் சுற்றுலா விசாவில்தான் போக முடியும். ஒரு தடவை மறுத்தாலும் மறுக்கலாம். இந்த விலை எனக்குத் தெரிந்தேதான் இருக்கிறது என்றேன். "அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டாள். அவர் கடைசி வரைக்கும் அமெரிக்காவில் நிரந்தரமாக வசிப்பதற்கான பச்சை அட்டையோடு இந்தியப் பாஸ்போர்ட்டைத்தான் வைத்திருந்தார். அதை நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

4 ஜூன்

பெண் குழந்தை. சுகப்பிரசவம். சம்பந்தியம்மா கூடவே இருந்தார்கள். பூண்டுக் குழம்புக்குப் பக்குவம் கேட்டு இரவு இரண்டு மணிக்கு அழைத்தார்கள். மகள் ஃபோனைக் குழந்தையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள், என்னோடு அதிகம் பேசவில்லை. அக்காவின் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தேன்.

14 ஜூலை

பன்னிரண்டு மாதம் நிறைந்தது. இணையத்தில் விண்ணப்பத்தை முடித்து, அச்செடுத்து, கெம்பேகவுடா சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இன்று கொடுத்தேன். இங்கிருந்து மாநில அரசு, அங்கிருந்து டில்லி. நடுவில் விசாரணைக்கு ஆள் வருவார்கள். வெளியூர் போகலாமா என்று கன்னடத்தில் கேட்டேன். போகலாம், ஆனால் விசாரணைக்கு வரும்போது வீட்டில் இருந்தால்தான் வேலை நகரும் என்றார் அந்த எழுத்தர். பொறுமையாகப் பதில் சொன்னார்.

மாலையில் மகளிடம் சொன்னேன். "அப்ப எப்ப வர்ற?" என்றாள்.

மூன்று வாரத்துக்கு, தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். விசாரணைக்கு அழைப்பு வந்தால் உடனே சொல்லச் சொல்லி அக்காவிடம் எண்ணை எழுதிக் கொடுத்தாயிற்று. நாளைக்குப் பிரசவ மருந்துக்குச் சாமான் வாங்கப் போக வேண்டும்.